காற்று இறங்கினால் வண்டியும் நிற்கட்டும்

சாலவாக்கம் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு உத்திரமேரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை ஆறரை மணி இருக்கும். ஏரிக்கரை வளைவில் வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து ஆட்டியதுபோல் இருந்தது. சாலையில் ஏதோ மேடு பள்ளம் என்று நினைத்து ஓட்டினேன். நூறு அடி தாண்டியதும் மறுபடி ஆடியது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் சப்பிப் போய்க் கிடந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் கடை இல்லை. வீட்டில் தேடுவார்களே என்ற அவசரம் வேறு. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்படியே இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஞ்சர் கடைக்காரர் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே இழுத்தார். முள் குத்திய ஓட்டை குண்டூசி முனை அளவுதான். ஆனால் காற்றடிக்கும் நெக் அடியோடு பிய்ந்திருந்தது. டியூபின் இரண்டு பக்கமும் மடிந்து மடிந்து கிழிந்திருந்தது. டயருக்குள்ளிருந்து கறுப்பு ரப்பர் தூள் கைப்பிடியளவு கொட்டியது. "முள்ளு ஒண்ணும் பண்ணல தம்பி, நீ ஓட்டிக்கினு வந்ததுதான் டியூபைத் தின்னுடுச்சு" என்றார். ஒரு ஒட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை புது டியூபில் போய் நின்றது.

அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். பஞ்சர் முழுதாக நம் கையில் இல்லை. பஞ்சரான பிறகு வரும் பத்து நிமிடம் முழுக்க நம் கையில் இருக்கிறது. டியூபும் டயரும் ரிம்மும் போவதும், சில நேரம் கைகால் போவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏறக்குறைய 25, 30 கிலோமீட்டர் போகவேண்டும். நடுவில் வயலும் ஏரியும் சின்னச் சின்ன ஊர்களும்தான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து நடுராத்திரியில் வருகிறவர்கள், விடியற்காலையில் பால் கேனோடு போகிறவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இந்தச் சாலைகளில் இருசக்கர வண்டியை நம்பித்தான் போகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எது குத்துகிறது?

நம் பக்கத்தில் முதல் எதிரி வேலிகாத்தான் முள். தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். ஏரி உள்வாயிலும் சாலையோரத்திலும் காடாக வளர்ந்திருக்கும் இந்த மரம் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. முள் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளும், காய்ந்தால் ஆணிபோல் இறுகும். அடுப்புக்கும் கரிக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது கிளைகள் சாலையில் விழுகின்றன. வயலுக்கு வேலி போட இழுத்துப் போகும்போதும் தார் மேல் முள் சிந்துகிறது. முள்ளில் உள்ள சங்கடம், அது குத்திய வேகத்தில் உடைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, முனை மட்டும் டயருக்குள் பதுங்கியிருக்கும்.

அடுத்தது லாட ஆணி. மாட்டு வண்டி குறைந்துவிட்டாலும் லாடம் அடித்த மாடுகள் இன்னும் இந்தச் சாலையில் நடக்கின்றன. கழன்று விழும் ஆணிக்குத் தலை பெரிது, முனை கூர். கல்குவாரி, கிரஷர் பக்கம் போகும் லாரிகளிலிருந்து விழும் கம்பித் துண்டு, போல்ட், கூரான ஜல்லி ஆகியவை மூன்றாவது. பாலத்தடியிலும் மரத்தடியிலும் உடைத்துப் போட்ட பாட்டில் கண்ணாடி நான்காவது.

மழை நாளில் பஞ்சர் அதிகம் வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஈரமான ரப்பரைக் கூரான பொருள் வழுக்கிக்கொண்டு எளிதாக வெட்டும். ஓரத்தில் கிடக்கும் குப்பையையும் மழைநீர் சாலை நடுவே கொண்டுவந்து சேர்க்கும்.

பின் டயர்தான் அடிக்கடி பஞ்சராகிறது. படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் ஏறித் தூக்கிவிடுகிறது, நிமிர்ந்த ஆணியைப் பின் சக்கரம் வாங்கிக்கொள்கிறது. ஆளின் பாரமும் மூட்டையின் பாரமும் பெரும்பாலும் பின் சக்கரத்தின் மேல்தான்.

எதுவும் குத்தாமலே வருகிற பஞ்சரும் உண்டு. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் வேகமாக இறங்கினால், பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும். அருகருகே இரண்டு வெட்டு விழும். கடைக்காரர் உங்கள் டியூபில் அப்படி இரட்டை ஓட்டையைக் காட்டினால் முள்ளைத் திட்ட வேண்டாம். காற்று பார்க்காமல் ஓட்டியதுதான் காரணம்.

பாரத்தைத் தாங்குவது காற்று

டயர் வண்டியைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பை மட்டுமே. ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது அப்போது பரவவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி டயரில் தடதடவென்று குலுங்குவதைப் பார்த்துக் காற்றடித்த டயரைச் செய்து, 1888-இல் காப்புரிமை பெற்றார். அன்று முதல் உலகம் காற்றின் மேல்தான் ஓடுகிறது.

காற்று போய்விட்டால் அந்தப் பாரம் அப்படியே ரிம்மின் விளிம்பு வழியாக ரப்பரின் மேல் இறங்குகிறது. டியூப் நடுவில் மாட்டிக்கொண்டு அரைபடுகிறது. அதோடு, இறுக்கம் இல்லாத டயர் ரிம்மைப் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றத் தொடங்கும். டயரோடு டியூபும் நகரும். ஆனால் நெக் ரிம்மின் ஓட்டையில் நட்டுப் போட்டு நிற்கிறது. டியூப் ஒரு பக்கம் இழுக்க, நெக் நகர மறுக்க, அந்த இடம் பிய்கிறது. எனக்கு நடந்தது இதுதான். முள் குத்திய ஓட்டையை ஒட்டலாம், பிய்ந்த நெக்கை ஒட்ட முடியாது.

டியூப்லெஸ் டயரில் தனி டியூப் கிடையாது. டயரின் உள்பக்கம் காற்று கசியாத ரப்பர் பூச்சு இருக்கும், டயரின் விளிம்பு ரிம்மோடு இறுக அமர்ந்து காற்றைக் காக்கும். ஆணி குத்தினால் ரப்பர் ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்வதால் காற்று மெல்லத்தான் இறங்கும். பல நேரம் வீடு வந்து சேர்ந்து, மறுநாள் காலையில்தான் தெரியும். டியூப் டயரில் அப்படி இல்லை. டியூபில் விழுந்த ஓட்டை வழியாக வரும் காற்று, நெக் ஓட்டை வழியாகவும் ஸ்போக்ஸ் கம்பி ஓட்டைகள் வழியாகவும் வெளியேற, நிமிடத்தில் டயர் தரைதட்டிவிடும்.

உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவையுங்கள். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் டியூப்லெஸ் என்றோ டியூப் டைப் என்றோ பொறித்திருக்கும். சாதாரண கம்பி ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் அநேகமாக டியூப்தான். அலாய் வீல் இருப்பதாலேயே டியூப்லெஸ் என்று முடிவுகட்ட வேண்டாம், அலாய் வீலுக்குள் டியூப் போட்டு வந்த வண்டிகளும் நிறைய ஓடுகின்றன.

அந்த முதல் பத்து விநாடி

ஓடும்போது காற்று இறங்கினால் வண்டியே சொல்லிவிடும். பின் டயர் என்றால் இடுப்புக்குக் கீழே வண்டி இடமும் வலமும் ஆடும். முன் டயர் என்றால் ஹேண்டில் கனத்து, ஒரு பக்கமாக இழுக்கும். முன் டயர் போவதுதான் அதிக ஆபத்து.

எதுவானாலும் முதலில் செய்யக் கூடாதது, பதறிப்போய் பிரேக்கை அழுத்துவது. காற்றில்லாத டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது. அழுத்திய உடனே வழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். இரண்டு கையாலும் ஹேண்டிலை உறுதியாகப் பிடித்து நேராக வையுங்கள். என்ஜின் இழுவையிலேயே வேகம் குறையட்டும். வளைவில் இருந்தால் வண்டியைச் சாய்க்காமல் மெல்ல நிமிர்த்துங்கள். வேகம் நன்றாகத் தணிந்த பிறகு, காற்று உள்ள சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புதிய வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு, அல்லது ஏ.பி.எஸ்., கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டி சேர்ந்து பிடிக்கும் வகை என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிப்பது முழுதாக நடக்காது. அதனால் பிரேக்கை இன்னும் குறைவாக நம்பி, என்ஜினை அதிகம் நம்புங்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் "ஆடாம கெட்டியா பிடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் பயந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டி விழும். பக்கவாட்டில் உட்கார்ந்து வரும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது முக்கியம்.

நின்ற பிறகு

இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, தாரை விட்டு முழுதாக மண்ணில் இறக்கி நிறுத்துங்கள். பாதி டயர் தாரில் நிற்பதுபோல் நிறுத்தாதீர்கள். ஜல்லி லாரிகள் வரும் சாலையில் வளைவுக்கு அடுத்தாற்போல் நின்றால் ஓட்டுநருக்கு உங்களைப் பார்க்க நேரம் இருக்காது. வளைவைத் தாண்டி நேரான இடத்துக்குத் தள்ளிப் போய் நிறுத்துங்கள். இரவானால் இண்டிகேட்டரை எரியவிட்டு, நீங்கள் வண்டிக்குப் பின்னால் சாலையில் நிற்காமல் ஓரமாக உள்ளே தள்ளி நில்லுங்கள்.

நம் ஊரில் வண்டி பழுதானால் பின்னால் கல்லை வைத்து எச்சரிக்கும் பழக்கம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்தக் கல்லில் ஏறி விழுவது பின்னால் இருட்டில் வரும் இன்னொரு இருசக்கர வண்டி. கல் வேண்டாம். ஒரு பச்சைக் கிளையை ஒடித்து வையுங்கள், கிளம்பும்போது அதையும் எடுத்து ஓரம் போடுங்கள்.

இனி என்ன செய்வது என்பது தூரத்தைப் பொறுத்தது. கடை கால் கிலோமீட்டர், அரை கிலோமீட்டர் என்றால் தள்ளிக்கொண்டு போய்விடலாம். தனியாளாகத் தள்ள முடியவில்லை என்றால், என்ஜினை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வண்டியின் இடப்பக்கம் கூடவே நடக்கலாம். மேலே ஆள் இல்லாததால் டியூப் அதிகம் நசுங்காது. மூட்டை, கேன் எதுவும் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

கடை தொலைவு என்றால் இரண்டு வழி. ஒன்று, சக்கரத்தை மட்டும் கழற்றி, தெரிந்தவர் வண்டியில் வைத்துக் கடைக்கு எடுத்துப் போவது. கிராமத்துப் பக்கம் அனுபவசாலிகள் செய்வது இதுதான். கழற்றிய ஆக்சில், நட்டு, புஷ் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து கையோடு வைத்துக்கொள்ளுங்கள், புல்லில் விழுந்தால் கிடைக்காது. இன்னொன்று, குட்டியானை போன்ற சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவது. வண்டி இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணை அழைக்கலாம். பாலிசித் தாளில் அது இருக்கிறதா என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வண்டிக்காரர் பின்னாலிருந்து காலால் உந்தித் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் தீர்ந்த வண்டிக்கே அது ஆபத்து. காற்றில்லாத டயரோடு செய்தால் இரண்டு பேரும் விழுவதற்கு ஒரு சின்னப் பள்ளம் போதும். உதவ நினைக்கும் நண்பரிடம் அதைக் கேட்காதீர்கள்.

பெண்கள் தனியாக வரும்போது

இதை மறைக்காமல் பேச வேண்டும். 2019 நவம்பரில் ஐதராபாத் புறநகரில் ஒரு சுங்கச்சாவடி அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவரின் ஸ்கூட்டர் டயரில் வேண்டுமென்றே காற்றைப் பிடுங்கிவிட்டு, உதவுவதுபோல் வந்தவர்கள் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள் என்று போலீஸ் சொன்னது. நாடே கொந்தளித்த வழக்கு அது. எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. நம் ஊர்ச் சாலைகளில் நின்று உதவுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இருட்டில், தனியே, பஞ்சரான வண்டியோடு நிற்கும் பெண் முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, தன் பாதுகாப்பை.

உடனே வீட்டுக்குப் போன் செய்து, எந்த ஊரைத் தாண்டி, எந்தக் கோயில் அல்லது எந்த ஏரிக்கரை பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். செல்போனிலிருந்து இருக்குமிடத்தை அனுப்புங்கள். வண்டியைப் பூட்டிவிட்டு வெளிச்சமும் குடும்பங்களும் உள்ள இடத்துக்கு நடந்துவிடுங்கள். வண்டி காலையில் இருக்கும், இல்லாவிட்டாலும் வேறு வாங்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, காயம் பட்டிருந்தால் 108. சென்னை – திண்டிவனம் சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணில் நெடுஞ்சாலை உதவி கிடைக்கும். புக்கத்துறையில் திரும்பி உத்திரமேரூர் சாலைக்குள் வந்துவிட்டால் அது தேசிய நெடுஞ்சாலை இல்லை, அங்கே 112-தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போன் செய்து "வண்டி பஞ்சர்" என்றால், "இந்நேரத்துக்கு ஏன் போனே" என்று தொடங்காதீர்கள். "எங்கே நிக்கிறே, இதோ வர்றேன்" என்பதுதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும்.

கடையில் நின்று கவனியுங்கள்

பஞ்சர் கடை வேலையை டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துபோகும் சின்ன வேலை என்று நினைக்கிறோம். பக்கத்தில் நின்று ஒரு முறை பாருங்கள். அதில் வரிசை இருக்கிறது, வரிசை தவறினால் அதே பஞ்சர் மறுநாளும் வரும்.

நல்ல கடைக்காரர் சக்கரத்தை உடனே கழற்றமாட்டார். முதலில் நெக்கின் மேல் எச்சில் தொட்டு வைப்பார். குமிழி விட்டால் கோளாறு உள்ளே இருக்கும் வால்வில்தான், அதை மாற்றினால் போதும். இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு லிவர் போட்டு டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குவார். குமிழி வரிசையாக மேலே வரும் இடத்தில் பேனாவால் குறிப்பார். ஒரு ஓட்டை கிடைத்துவிட்டதே என்று நிறுத்தாமல் டியூபை முழுச் சுற்றும் முக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஓட்டை இருந்தால் அது இப்போதே தெரியட்டும்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை எடுப்பார். அதன் மேல் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, காயவிட வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறோம். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டுப்போட்டால் வெயிலில் டயர் சூடாகும்போது ஒட்டு நகர்ந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டாமல், பிசுபிசுப்பு மட்டும் தெரியும் பதம் வரவேண்டும். அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடம் அவரை விரட்டாதீர்கள். சில கடைகளில் சூட்டில் ஒட்டும் இயந்திரம் இருக்கும். ரப்பரைச் சூட்டில் இறுக வைக்கும் இந்த முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். நீண்ட தூரம், அதிகப் பாரம் போகிறவர்களுக்குச் சூட்டு ஒட்டு நன்றாக நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. டியூபைத் திரும்பப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை முழுச் சுற்றும் தடவிப் பார்க்க வேண்டும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும், பழைய துணியால் தடவினால் முள் துணியில் மாட்டும். என் டயரில் அன்று அப்படித்தான் துணி சிக்கியது. வெளியே இம்மியும் தெரியாத வேலிகாத்தான் முள், உள்ளே அரிசி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் குறடு வைத்து உள்ளிருந்து இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் அதுவும் போயிருக்கும். "உள்ளே தடவிப் பார்த்தீங்களாண்ணே?" என்று நீங்களும் கேளுங்கள். அக்கறையுள்ள கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

டியூபுக்குள் கொஞ்சம் காற்று விட்டு, அது முறுக்காமல் படுத்த பிறகே டயரை ஏற்ற வேண்டும். காற்றே இல்லாமல் திணித்தால் லிவர் டியூபைக் கிள்ளிவிடும். நெக் ரிம் ஓட்டையில் நேராக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் டியூப் உள்ளே இழுபடுகிறது என்று பொருள். மூன்று, நான்கு ஒட்டு விழுந்த டியூபையும், நெக் பக்கம் ஒட்டுக் கேட்கும் டியூபையும் மாற்றிவிடுவதே லாபம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் கிளம்புவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: ஆக்சில் நட்டு இறுகியிருக்கிறதா, செயின் அளவாகத் தொங்குகிறதா, பின் பிரேக் பிடிக்கிறதா. பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் சாலையில் ஏறாதீர்கள். கழற்றிய பிரேக் ராடு நட்டை மறந்துவிட்டுக் கிளம்புவதும் நடக்கிறது.

டியூப்லெஸ் என்றால்

டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். ஆணி இருக்கும்வரை காற்று மெல்லத்தான் கசியும். கையில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் பிடுங்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். காற்று இருந்தால் மெதுவான வேகத்தில், அடிக்கடி நிறுத்தி டயரைப் பார்த்துக்கொண்டே கடை வரை போகலாம். டயர் சப்பையாகிவிட்டால் இதையும் ஓட்டக் கூடாது, பக்கச்சுவர் உள்ளுக்குள் வெந்து கிழியும்.

கிட் கையில் இருந்தால் நீங்களே ஒட்டிவிடலாம். ஆணி நுழைந்த சாய்வைப் பார்த்துக்கொண்டு குறடால் பிடுங்கி, அரம் போன்ற கருவியை அதே சாய்வில் விட்டு ஓட்டையைச் சுத்தம் செய்து, பிசினுள்ள ரப்பர் திரியை ஊசியில் கோத்து முக்கால் பங்கு உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்கென்று வெளியே இழுத்தால் திரி உள்ளே நின்றுவிடும். வெளியே நீட்டும் நுனியை வெட்டி, காற்றடித்து, மேலே தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இது டயரின் தரைபடும் பகுதிக்கு மட்டும். பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஒட்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. டயரை மாற்றியே ஆகவேண்டும்.

சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை

பெரிய மூட்டை தேவையில்லை. டியூப் வண்டிக்காரர் உங்கள் சைஸில் ஒரு புது டியூபைத் துணியில் சுற்றி வைத்திருந்தால் ராத்திரி வேளையில் அது தங்கம். சின்னக் கடைகளில் ஒட்டுக்கு வழியிருக்கும், உங்கள் சைஸ் டியூப் இருப்பது உறுதியில்லை. சைஸ் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 2.75-18 என்றால் அகலம் 2.75 அங்குலம், ரிம் 18 அங்குலம். 80/100-18 என்றால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் நூற்றுக்கு நூறு, ரிம் 18 அங்குலம். டியூப்லெஸ் வண்டிக்காரர் பஞ்சர் கிட் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் பொதுவாக ஒரு சின்ன கை பம்ப் அல்லது சார்ஜ் போடும் பம்ப், டார்ச், ஸ்பேனர், ஒரு பழைய துணி.

காசு செலவில்லாத கருவி ஒன்றும் உண்டு. நீங்கள் தினம் போகும் சாலையில் உள்ள பஞ்சர் கடைகளின் போன் நம்பர். கூட்ரோட்டில் டயரைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் பலகையிலேயே நம்பர் எழுதியிருப்பார்கள். பகலில் போகும்போது நான்கைந்தைச் செல்போனில் ஏற்றிவையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், மூடிய கடை முன் நிற்பதைவிட ஒரு போன் மேல்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஐந்து நிமிடம்

பஞ்சரை முழுதாகத் தடுக்க முடியாது, ஓரளவு தடுக்கலாம். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்று பாருங்கள். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தரவேண்டும். கூச்சப்படாமல் கேட்டு அடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று என்பது வண்டிக்கு வண்டி மாறும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்துக்கு 25 பி.எஸ்.ஐ. அளவிலும், தனியாள் போனால் பின் சக்கரத்துக்கு 28, 29 அளவிலும் சொல்வார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் சக்கரத்துக்கு இன்னும் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். நெல் மூட்டையும் கேனும் ஏற்றிப் போகிற எக்ஸ்எல் வண்டிக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். வால்வின் சின்ன மூடியைத் தொலைக்காதீர்கள், மண் உள்ளே போனால் அங்கேயே கசியும்.

காற்று பார்க்கும்போதே டயரை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பள்ளங்களில் சிக்கிய கல்லையும் முள்ளையும் எடுங்கள். இன்று மேலோட்டமாகக் குத்தி நிற்கும் முள் நாளை டியூபைத் தொடும். டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள், அதன் இடத்தைக் காட்டப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று பொறித்திருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தேய்ந்த டயருக்குள் முள் தடையில்லாமல் நுழையும். வாங்கும்போது தயாரித்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

சாலை எல்லாருக்கும் பொது

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் பெனடிக்ட் ஜெபக்குமார் என்ற பொறியாளருக்கு அடிக்கடி டயர் பஞ்சரானது. ஒரே வகை ஆணிகள் ஒரே இடத்தில் கிடப்பதைக் கவனித்த அவர், வேண்டுமென்றே யாரோ போடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். வேலைக்குப் போகும் வழியில் நின்று, குச்சியில் காந்தம் கட்டி ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் பொறுக்கியது முப்பது கிலோவைத் தாண்டியது. அந்த ஒவ்வொரு ஆணியும் யாரோ ஒருவருடைய டயரில் ஏறியிருக்க வேண்டியது.

நமக்குக் காந்தம்கூட வேண்டாம். சாலையில் முள் கிளை கிடந்தால் இறங்கி ஓரம் இழுத்துப் போடுவோம். லாட ஆணியைக் கண்டால் குனிந்து எடுப்போம். முள் ஏற்றிப் போகும் டிராக்டர்காரரிடம் "நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே" என்று சொல்வோம். சாலையில் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, அடுத்த கடை எவ்வளவு தூரம் என்றாவது சொல்லிவிட்டுப் போவோம்.

உங்கள் வண்டியே ஒருநாள் பின்பக்கம் ஆடினால், அவசரம் எவ்வளவு இருந்தாலும், இறங்கிவிடுங்கள். ஒரு ஒட்டில் முடிகிற வேலை ஒரு ஒட்டிலேயே முடியட்டும்.